காற்றாடி அக்காவின் பாட்டரி ரூம்

அந்த அக்காவின் மொபெட்டில் நான் சில தடவை பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். ஒரு தடவைகூடப் போகவேண்டிய இடத்துக்கு வண்டியிலேயே போய்ச் சேர்ந்ததில்லை. பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்ற பிறகுதான் பெட்ரோல் போடுவது என்பது அவர் கொள்கை. நின்றதும் இறங்குவார். வண்டியை ரோட்டோரமாகச் சாய்த்துப் படுக்கப்போடுவார். டேங்கின் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும் கடைசிச் சொட்டுகள் கார்புரேட்டருக்கு இறங்கும்வரை இடுப்பில் கைவைத்து நிற்பார். பிறகு நிமிர்த்தி மிதித்தால் வண்டி கிளம்பிவிடும்.

"பாத்தியா தம்பி, இம்புட்டையும் உள்ள வச்சுக்கிட்டுத்தான் இல்ல இல்லங்குது" என்று வண்டியைத் திட்டுவார்.

கொஞ்ச தூரத்தில் அது உண்மையாகவே நின்றுவிடும். மிச்ச தூரத்துக்கு நான் தள்ளுவேன். அவர் பக்கத்தில் பேசிக்கொண்டே நடந்து வருவார், எனக்கு நல்லது செய்துவிட்ட முகத்தோடு.

சின்னமனூரில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். எனக்குத் துணைமின் நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. சுவிட்சைப் போடுவது, எடுப்பது, மீட்டரைப் பார்த்து எழுதுவது, போனில் திட்டு வாங்குவது. கல்யாணம் ஆகாதவன் என்பதால் பாதி நாள் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அங்கே நெய் ஜாடி காலியானால் அதற்குள் சுடுசோற்றைப் போட்டு உருட்டி எடுப்பார். பற்பசை டியூபைக் கத்தரியால் நெடுக வெட்டி இன்னும் நாலு நாள் ஓட்டுவார். கேஸ் சிலிண்டர் தீரும் நேரத்தில் அதைச் சுடுதண்ணீர் அண்டாவுக்குள் தூக்கி நிறுத்தி, நீலமாக ஒரு முனகல் வரும்வரை அடுப்பை விடமாட்டார். இதையெல்லாம் வைத்து அவரைக் கருமி என்று நினைத்துவிடக் கூடாது. கொடுப்பதில் அவர் கை தாராளம். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பி நான் பார்த்ததில்லை. எதிலும் அடியில் கொஞ்சம் தங்கிப்போவதுதான் அவருக்கு ஆகாது. யாராவது தட்டில் ஒரு வாய் சோற்றை வைத்துவிட்டு எழுந்தால் அவருக்கு அன்றைக்குப் பூராவும் மனசு சரியிருக்காது.

அவர் வீட்டுக்காரர் மலைக்கு மேலே, கேரளப் பக்கம், ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் மேற்பார்வை வேலையில் இருந்தார். சனிக்கிழமை இறங்கி வந்து திங்கட்கிழமை ஏறிவிடுவார். அதிகம் பேசமாட்டார். அங்கேயே இருந்து பழகியதில் 'போதும்' என்பதற்கு அவர் வாயில் 'மதி' என்றுதான் வரும். அக்கா சட்டியை வழிக்கும் சத்தம் கேட்டால் கூடத்திலிருந்து "மதி, மதி" என்பார். அக்கா காதில் போட்டுக்கொள்ளாமல் வழித்துக்கொண்டிருப்பார். இருபது வருஷமாக அந்த வீட்டில் நடந்த சண்டை அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

ஊரில் அவரைக் காற்றாடி அக்கா என்றார்கள். ஓடைப்பட்டிக்குப் போகிற வழியில் அவருக்கு ஒரு காற்றாலை இருந்தது. பெரிய கம்பெனிக்காரர்கள் வரிசையாக நட்டிருந்த பெரிய காற்றாலைகளுக்கு நடுவே இது குட்டையாக, ஒரு தலைமுறை பழசாக நிற்கும். கோயம்புத்தூரில் மில் வைத்திருந்த யாரோ வரிச்சலுகைக்காக வாங்கிப் போட்டு, சலுகை முடிந்ததும் தள்ளிவிட்ட மெஷின் அது. அதை வாங்குவதற்காக, மலைமேல் புருஷனுக்குச் சொந்தமாக இருந்த சின்ன ஏலத்தோட்டத்தை விற்க வைத்தார். வருஷம் பூராவும் கூலி கேட்கிற செடியை விட, ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் கணவாய் வழியாகக் கேட்பாரில்லாமல் போகிற காற்று மேல் என்பது அவர் கட்சி. காற்றாடியின் காலடியிலேயே திராட்சை வைக்க ஒரு குளிர்பதன அறையும் கட்டினார். மேலே அது கரண்ட் கொடுக்கும், கீழே இது தின்னும், மிச்சத்தை மின்வாரியம் எடுத்துக்கொண்டு காசு தரும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதலில் நன்றாகவும் நடந்தது. வாரியத்தில் 'பேங்கிங்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஆடியில் காற்றாடி தந்த யூனிட்டைக் கணக்கில் போட்டு வைத்துவிட்டு, காற்று செத்துப்போகும் மாசி பங்குனியில் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். வைத்ததற்குக் கூலியாகக் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். அந்தக் கொஞ்சத்தைப் பற்றி அக்கா என்னிடம் புலம்பாத மாதம் கிடையாது, நானே என் சட்டைப்பைக்குள் கழித்துப் போட்டுக்கொண்டது போல.

பிறகு மின்வெட்டு வந்தது. அந்த வருஷங்களில் இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறிவித்த வெட்டு ஒன்று, அறிவிக்காத வெட்டு அதற்கு மேல். மேலிடத்திலிருந்து போன் வரும், இத்தனை லோடு குறை என்பார்கள், நான் சுவிட்சை எடுப்பேன். நான் எடுக்கும் லைன்களில் ஒன்றில்தான் அக்காவின் குளிரறை இருந்தது.

அப்போதுதான் ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. அவருடைய பழைய மாடல் காற்றாடி தானாக ஓடாது. லைனில் கரண்ட் இருந்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு சுற்றும், லைன் போனால் இறக்கை நின்றுவிடும். ஆடிக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு அடிக்கும். வாரியத்தின் கணக்கில் அவர் பெயரில் யூனிட் கொட்டிக் கிடக்கும். கீழே சொந்தக் காற்றாடியின் நிழலில், அறைக்குள் திராட்சை சூடாகிக்கொண்டிருக்கும்.

"என் யூனிட்டு உங்க பேங்குல தூங்குது, நான் டீசலுக்குக் கேனைத் தூக்கிக்கிட்டு அலையிறேன்" என்பார். "மேல காத்து சும்மா போகுது தம்பி. கீழ நான் காசைக் கொளுத்திக்கிட்டு இருக்கேன். இத எந்தப் பொம்பளையாச்சும் பாத்துக்கிட்டு இருப்பாளா?"

திட்டவில்லை, அதுதான் சங்கடம். மற்றவர்கள் எல்லாம் போனில் என் அம்மாவையும் தங்கச்சியையும் இழுத்தார்கள். இவர் வெட்டு முடிந்ததும் சாப்பிட வரச் சொல்லி அனுப்புவார். பகலில் அவர் வயிற்றில் அடித்துவிட்டு மாலையில் அவர் சோற்றைத் தின்றேன், வேறென்ன சொல்ல.

ஒருநாள் லாரியில் பாட்டரிகள் வந்து இறங்கின. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கழித்துவிட்டவை. ஆளுயரத்தில் பாதி இருக்கும் கண்ணாடித் தொட்டி மாதிரியான செல்கள், ஏலத்தில் இரும்புக்கடை விலைக்கு எடுத்திருந்தார். குளிரறைக்குப் பின்னால் தகரம் போட்டு ஒரு ரூம் கட்டி வரிசையாக அடுக்கினார். லைன் இருக்கும்போது, காற்றாடி ஓடும்போது, இதில் ஏற்றி வைப்பது. லைன் போனதும் இதிலிருந்து எடுத்து குளிரறையின் கம்ப்ரஸரை ஓட்டுவது. இதற்குக் காசு போதாமல் ஜெனரேட்டரை விற்றுவிட்டார். அதைக் கேள்விப்பட்டதும் நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன்.

"ஜெனரேட்டரை ஏன்க்கா வித்தீக? அது ஒரு ஓரத்துல கெடந்துட்டுப் போகுது."

"கெடந்துச்சுன்னா கை அதுகிட்டதான் போகும். டீசல் கேக்கும். இனிமே வேணாம்."

கணக்கை எடுத்துச் சொன்னேன். பாட்டரி என்பது ஒரு தடவை வாங்கி முடிகிற சமாசாரம் இல்லை. இத்தனை தடவை ஏற்றி இறக்கினால் அதன் ஆயுசு முடிந்தது. வாங்கின காசை அந்தத் தடவைகளால் வகுத்தால் அதில் போட்டு எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டின் தலையிலும் ஒரு விலை ஏறும். புதுப் பாட்டரியில் அது டீசலை விட அதிகமாகத்தான் வந்து நிற்கும். காற்று ஓசியாக இருந்தாலும் வைக்கிற பாத்திரம் ஓசி இல்லை. கோடிக்கணக்கில் போட்ட கம்பெனிக்காரர்களே காற்றாடிக்குப் பக்கத்தில் ஒரு பாட்டரிகூட வைக்காததற்குக் காரணம் அதுதான்.

"அவுக புதுசு வாங்குற கணக்கப் பாக்குறாக. நான் வாங்குனது பழைய ஈய வெலைக்கு. என் கணக்கு வேற" என்றார். அந்த விலைக்கு அவர் கணக்கு கிட்டத்தட்ட சரியாகத்தான் வந்தது.

செல்களை இணைத்துக் கொடுக்க உத்தமபாளையத்திலிருந்து பாட்டரிக்கடை பாய் வந்தார். வேலை முடிந்ததும் சுவரில் இருந்த ஒரு சின்னப் பெட்டியைத் தொட்டுக் காட்டினார். பாட்டரி பாதிக்கு இறங்கினதும் இது தானாக ஆஃப் பண்ணிவிடும், இதில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார்.

"பாதிக்கா?" என்றார் அக்கா. "மிச்சப் பாதி?"

"அது உள்ளயே கெடக்கணும்க்கா. ஈய பாட்டரி அப்படித்தான். பாதிய விட்டு வச்சாத்தான் அது உசுரோட இருக்கும். ஒட்ட உறிஞ்சுனா சீக்கிரம் செத்துப்போகும்."

"அப்ப நான் குடுத்த காசுல பாதி எதுக்கு பாய்?"

"பாட்டரிய உசுரோட வச்சுக்கத்தான்."

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். பாய் போன பிறகு, "எனக்கு எம்புட்டு வேணுமோ அதுக்கு ரெண்டு பங்கு வாங்கணுமாம். ஏவாரம் எப்படிப் பண்றாக பாத்தியா" என்றார். அடுத்த வாரமே வேறொரு வயர்மேனைப் பிடித்து அந்தப் பெட்டியின் திருகைத் திருப்பி, பாதி தீர்ந்ததும் நிற்பதை முக்கால்வாசி தீர்ந்ததும் நிற்கும்படி ஆக்கினார். பிறகு அதற்கும் கீழே. பெட்டி முழுசாகக் கழற்றப்படவில்லை, பெயருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

என்னத்தைச் சொல்ல, அந்த ஆடியில் அவர்தான் ஜெயித்தார். வெட்டு வரும், கம்ப்ரஸர் ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துவிட்டு மறுபடி ஓடும். சுற்று வட்டாரத்தில் மற்ற அறைகளில் ஜெனரேட்டர் கத்திக்கொண்டிருக்க, இவர் இடத்தில் கூலருக்குள் தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான். பன்னீர் திராட்சை தொட்டாலே வெடிக்கிற சாதி, வெளியே ரெண்டு நாள் தாங்காது. அதை ரெண்டு வாரத்துக்கு மேல் வைத்திருந்து விலை ஏறியதும் வெளியே விட்டார். ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சுருளிப்பட்டி என்று எங்கெங்கிருந்தோ திராட்சை போட்ட சம்சாரிகள் கூடை கூடையாகக் கொண்டுவந்தார்கள். கொடியில் பழுத்த அன்றைக்கே வியாபாரி சொல்கிற விலைக்குத் தலையாட்டிப் பழகியவர்கள் அவர்கள். நாலு நாள் பொறுக்க முடிந்தது அவர்களுக்குப் பெரிய விஷயம். அக்கா என் கையில் ஒரு குளிர்ந்த குலையைக் கொடுத்து, "ஆடிக் காத்தத் தின்னு பாரு" என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறு வருஷம் வைகாசியிலேயே சரியில்லை. போன வருஷம் வெட்டு முடியும்வரை தாங்கிய பாட்டரி, பாதி வெட்டிலேயே மூச்சு வாங்கியது. அக்கா அதற்குத் தாகம் என்று முடிவு கட்டி டிஸ்டில்ட் வாட்டர் கேன் கேனாக ஊற்றினார். சில செல்களில் அடியில் சாம்பல் நிறத்தில் வண்டல் தங்கிவிட்டிருந்தது. இறங்கின அளவுக்கு ஏறவே இல்லை. ஏறாத குறையை ஈடுகட்ட இன்னும் கீழே வரைக்கும் இறக்கினார், அதனால் மறுநாள் இன்னும் குறைவாக ஏறியது. நான் வாயைத் திறந்தால், "இருக்குதா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்பார். அவர் தூங்குவது குறைந்தது. பேச்சின் நடுவில் தலையைத் தூக்கி, கம்ப்ரஸர் ஓடுகிறதா என்று காதைக் கொடுப்பார், ஓடைப்பட்டி ரோட்டில் இருக்கும் கம்ப்ரஸருக்குச் சின்னமனூர் வீட்டுக்குள்ளிருந்து. அவர் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை அந்தத் தகர ரூமுக்குள் போய் நின்று பார்த்துவிட்டு, ஏலத்தோட்டம் விற்றதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், "மதி, இத நிறுத்திரு" என்றார்.

"ஓணம் வரைக்கும்" என்றார் அக்கா.

ஓணத்துக்குக் குமுளி வழியாகத் திராட்சை லாரி லாரியாகப் போகும். விலை ஏறுகிற காலம் அது. அறையைக் கூரைவரை நிரப்பி வைத்திருந்தார். அத்தனையும் ஊரார் பழம். ஓண விலை வாங்கித் தருவதாக ஒவ்வொருவரிடமும் சொல்லியிருந்தார். ராயப்பன்பட்டி அம்மா ஒருவர், அக்காவை விட மூத்தவர், தோட்டத்துப் பழம் மொத்தத்தையும் அங்கேதான் வைத்திருந்தார். வாரத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வந்து இறங்கி, குளிர்க் கதவைத் திறக்கச் சொல்லி, உள்ளே போகாமல் வெளியிலிருந்தே மூக்கை நீட்டி வாசனை பிடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பிப் போவார். அவர் மகனுக்கு அந்தப் பழத்தை நம்பித்தான் காலேஜில் இடம் வாங்கியிருந்தார்கள்.

லாரி வர இன்னும் ரெண்டு நாள் இருந்தது. காலையில் வழக்கமான வெட்டை எடுத்தேன். அது முடிகிற நேரத்தில் மேலிடத்திலிருந்து போன் வந்தது. எங்களுக்கு வரும் பெரிய லைனில் பழுது, சரிசெய்யச் சாயங்காலமாவது ஆகும், அதற்கு மேலும் இழுக்கலாம் என்றார்கள். நான் முதலில் அக்காவின் செல்போனுக்குத்தான் அடித்தேன்.

"அக்கா, இன்னிக்கு மத்தியானம் வராது. சாயந்தரமும் உறுதியில்ல. இப்பவே கதவத் தெறந்து, ஆளுகளுக்குச் சொல்லி விட்ருங்க. சந்தைக்குக் கொண்டுபோனா இன்னிக்கு வெலைக்காச்சும் போகும்."

"இன்னிக்கு வெலையா? பாதி வெலைக்குப் போடவா இம்புட்டு நாளு பொத்திப் பொத்தி வச்சிருந்தேன்?"

"பாதியாச்சும் மிஞ்சும்க்கா."

"பாட்டரி இருக்குல்ல தம்பி."

"அதுல என்ன இருக்கு? நீங்களே பாத்துக்கிட்டுத்தானே இருக்கீக. அவுகளையாச்சும் கேளுங்க. அவுக பழம்."

"அவுகளக் கேட்டா பயந்து போயி தூக்கிருவாக" என்று போனை வைத்துவிட்டார்.

டூட்டி முடிந்ததும் நேராக அங்கே போனேன். காற்று காதை அடைத்தது. பெரிய காற்றாலைகளும் நின்றிருந்தன, அவர் காற்றாடியும் நின்றிருந்தது. தகர ரூமுக்குள் அமில வாடை கண்ணைக் கரித்தது. செல்களின் மேல் கை வைத்தால் சுட்டது. இன்வெர்ட்டர் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சுவர்ப்பெட்டி மிச்சம் மீதி இருந்த புத்தியோடு பாட்டரியைத் துண்டித்துவிட்டிருந்தது. அக்கா கையில் ஒரு துண்டு வயரோடு அதன் முன்னால் நின்றார். முடி கலைந்து, சேலையில் அமிலம் பட்டு ஓட்டை விழுந்திருந்தது. அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"இதச் சுத்தி வயரப் போட்டா ஓடும்ல?"

"அக்கா, வேணாம். வோல்டேஜ் செத்துக் கெடக்கு. இதுல கம்ப்ரஸர் கெளம்புனா மோட்டார் திணறி எரிஞ்சு போகும்."

"உள்ள இன்னும் இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா அது எடுக்கறதுக்கு இல்ல."

"இருக்குன்னா எடுக்கறதுக்குத்தான்" என்றார். "தம்பி, இன்னும் கொஞ்சந்தான். சாயந்தரம் வந்துரும்னு சொன்னேல்ல. அதுவரைக்கும் தாட்டுனாப் போதும். உனக்குக் கும்புடு போடுறேன், தள்ளிக்க."

தள்ளாமல்தான் நின்றேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய் வயரை வைத்தார். ஒரு பொறி தெறித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரஸர் உறுமியது, சோர்ந்தது, பிறகு கட்டைக் குரலில் ஓடவே ஆரம்பித்துவிட்டது. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். கண்ணில் தண்ணீர் வழிய, "கேக்குதா? கேக்குதா?" என்றார். கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அந்தக் கட்டைக் குரல் இழுத்து இழுத்து முனகலானது, வார்னிஷ் கருகும் வாடை சுவரைத் தாண்டி வந்தது, சத்தம் நின்றது.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. வெயில் தாழ்வதற்குள் லைன் வந்துவிட்டது. ரூமில் குழல் விளக்கு எரிந்தது. வெளியே காற்றாடி முனகிக்கொண்டு தலையைத் திருப்பிச் சுற்ற ஆரம்பித்தது, காற்றுக்கும் குறைவில்லை, கரண்டுக்கும் குறைவில்லை. அக்கா ஓடிப்போய் கம்ப்ரஸரின் பச்சைப் பொத்தானை அமுக்கினார். அமுக்கி அமுக்கிப் பார்த்தார். மோட்டாரை அன்றைக்கே கழற்றித் தேனிக்கு அனுப்பினோம். எரிந்த கம்பிச் சுருளைப் புதிதாகக் கட்டிக் கொடுக்க, எத்தனை காலில் விழுந்தாலும் ரெண்டு நாளுக்குக் குறையாது என்றார்கள். உத்தமபாளையத்து ஐஸ் கம்பெனிக்கு ஆளை விட்டோம். அன்றைய வெட்டில் அங்கும் ஐஸ் பாளம் உறையவில்லை, கிடைத்த கொஞ்சத்தைக் கோணிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அடுக்கினோம். அது காலைக்குள் தரையில் தண்ணீராக நின்றது. அக்கா கதவைத் திறக்கவிடவில்லை, குளிர் போய்விடுமாம். உள்ளே போகக் குளிர் ஏது? கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தவர் ரெண்டு நாளும் அங்கேயே இருந்தார். அடியிலிருந்து புளித்த வாடை மெல்லக் கசிய ஆரம்பித்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்போதும் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை லாரியும் வந்தது, பழத்துக்காரர்களும் வந்தார்கள். வீட்டுக்காரரும் மலையிலிருந்து இறங்கியிருந்தார். அவர்தான் அக்காவைக் கைத்தாங்கலாக எழுப்பிவிட்டுக் கதவைத் திறந்தார். ராயப்பன்பட்டி அம்மா தன் பழப்பெட்டி ஒன்றைத் தூக்கினார். சாறு முழங்கை வழியாக ஓடிச் சேலையில் விழுந்தது. பெட்டியை இறக்கி வைத்தார். லாரிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். நாலைந்து பேர் கத்த ஆரம்பித்தார்கள். ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். ராயப்பன்பட்டி அம்மா மட்டும் கத்தவில்லை.

"ஏத்தா, கரண்டு வராதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

அக்கா பொய் சொல்லியிருக்கலாம். திடீரென்று மோட்டார் எரிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் அங்கே யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

"முந்தாநாளு மத்தியானத்துக்கு முன்னாடியே தெரியும். இந்தத் தம்பி போன்ல சொல்லுச்சு" என்றார்.

"அப்ப ஏன் எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லல?"

"முழு வெலையும் வாங்கிக் குடுக்கணும்னு பாத்தேன்."

"முழுசு வேணும்னு நாங்க கேட்டமா? சொல்லியிருந்தா வந்து அள்ளிக்கிட்டுப் போயிருப்போம்ல. பாதிக்குப் போனாலும் பையனுக்குக் கட்ட வேண்டியதுல பாதியக் கட்டியிருப்பேன்ல." அந்த அம்மா சாறு ஒட்டிய கையைத் தன் சேலையிலேயே துடைத்துக்கொண்டார். "உன் பாட்டரிய நீ உறிஞ்சு, என்னமோ பண்ணு. அந்தப் பாதி எங்களுது ஆத்தா. அத வச்சு வெளையாட உனக்கு யாரு குடுத்தா?"

வீட்டுக்காரர்தான் எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டு, யார் பழத்துக்கும் நஷ்டம் வராது என்றார்.

பணத்தில் நஷ்டம் வரவும் இல்லை. ரெண்டு மாதத்துக்குள் காற்றாடியையும் அறையையும் சேர்த்து பக்கத்துக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அவசரத்துக்கு விற்கிறவர்களுக்கு என்ன விலை கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. அக்கா ஒவ்வொரு வீடாகப் போய், பழத்துக்கு அந்த வருஷத்து ஓண விலை என்னவோ அதையே கொடுத்தார். ராயப்பன்பட்டி அம்மா வாங்கிக்கொண்டாராம், உட்காரச் சொல்லவில்லையாம். பையன் அந்த வருஷம் காலேஜுக்குப் போகவில்லை, பணம் போய்ச் சேர்வதற்குள் இடம் போய்விட்டது. இதை அக்கா என்னிடம் சொன்னபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

எனக்கு மாறுதல் உத்தரவு வந்திருந்த சமயம். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மாடிக்கு ஏறி வந்து படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என் ஊரைப் பற்றி, அங்கே தண்ணீர் எப்படி என்றெல்லாம் கேட்டார். பிறகு கேட்டார்.

"தம்பி, உண்மையச் சொல்லு. நீ போன் பண்ணுனப்பவே கதவத் தெறந்திருந்தா எம்புட்டுத் தேறியிருக்கும்?"

அதை நான் விசாரித்து வைத்திருந்தேன். அன்றைக்கு மத்தியானம் சின்னமனூர் சந்தைக்குக் கேரள வண்டிகள் முன்கூட்டியே வந்துவிட்டன. கொண்டுபோனவர்களுக்கு நல்ல விலை. அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ராயப்பன்பட்டி அம்மாவிடம் அவரே சொல்லாத பொய்யை நான் எப்படிச் சொல்வது?

"ஓண வெலையில முக்காவாசிக்கு மேலயே தேறியிருக்கும்க்கா" என்றேன்.

"முக்காவாசியா?" என்றார். கையைப் படியில் ஊன்றிக்கொண்டார். "நான் பாதின்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

நான் கயிற்றைக் கட்டி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.